சண்டையே பிழைப்பாக

அன்புள்ள சாமிநாதனுக்கு,

ஏழு மாதம் ஆகிவிட்டது. காரியத்துக்கு வந்து உன் கையைப் பிடித்துவிட்டுப் போனவன், பிறகு ஒரு வரி எழுதவில்லை. எழுத உட்காராமல் இல்லை. ‘நலமா’ என்று தொடங்கியதுமே எனக்கே அபத்தமாகத் தெரியும், கிழித்துவிடுவேன். இங்கே எல்லாரும் சுகம். என் முழங்கால் மட்டும் தனிக்கட்சி தொடங்கியிருக்கிறது.

இப்போது என்னை எழுத வைத்தது ஒரு ஜோடி: பட்டர்பீன்ஸ், சூசி. பெயரைக் கேட்டுச் சிரிக்காதே, கத்தரிக்காய்! நீ சிரிக்கக் கூடாது. வாடவில் என்ற அமெரிக்கப் பல்சுவை மேடையில் ப்ளூஸ் பாட்டும் நகைச்சுவையும் கலந்து ஊர் ஊராக ஆடிய கறுப்பினத் தம்பதி. பட்டர்பீன்ஸின் நிஜப் பெயர் ஜோடி (Jodie) எட்வர்ட்ஸ். அவள் சூசி ஹாத்தார்ன். 1917-இல் திருமணம், அதுவும் மேடையிலேயே.

அவர்களுடைய சரக்கு ஒன்றுதான்: புருஷன் பெண்டாட்டி சண்டை. இறுக்கமான கால்சட்டை, சின்னத் தொப்பி, பெரிய சப்பாத்துகளோடு அவர் வந்து உதைப்பேன், மிதிப்பேன் என்று வீராப்புப் பேசுவார். சூசி கௌரவமாக நின்றுகொண்டு ஒரே வரியில் ஆளைக் காலி செய்வாள். கடைசிப் பாட்டில் சமாதானம். ஓக்கே இசைத்தட்டு நிறுவனம் 1924 முதல் 1930 வரை அவர்களைப் பதிவு செய்தது. 1926-இல் ஒரு பாட்டுக்கு வாசித்தவர் யார் தெரியுமா? உன் ஜாஸ் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங்கேதான், தன் குழுவோடு! மறு வருடம் ரொட்டியையும் தொத்திறைச்சியையும் சாக்காக வைத்து அவள் பாடியது இருக்கிறதே, அந்தத் துணிச்சலைக் கேட்டு நிறுவனமே பயந்து வெளியிடாமல் வைத்துவிட்டது. நம் விடுதி வார்டன் நினைவுக்கு வந்தார்.

பிழைப்பு மட்டும் சிரிப்பாக இல்லை. அந்த அரங்குகளுக்கு ஆள் பிடித்தது தியேட்டர் ஓனர்ஸ் புக்கிங் அசோசியேஷன் என்ற சங்கம், சுருக்கமாக டி.ஓ.பி.ஏ (TOBA). ‘கறுப்புக் கலைஞர்களைப் பாடாய்ப் படுத்துவது’ என்று ஆடியவர்களே அதற்கு விரிவு சொன்னார்கள். அவர்கள் ஆங்கிலத்தில் சொன்ன அசல் விரிவு இன்னும் பச்சையானது. சம்பளம் குறைவு, பயணச் செலவும் அவர்கள் தலையில். அப்படியும் மற்றவர்களைக் கைதூக்கி விட்டார்கள். பின்னாளில் பெரும்புகழ் பெற்ற நகைச்சுவைக்காரி மாம்ஸ் மேப்லிக்கு ஆரம்பத்தில் நல்ல மேடை கிடைக்க வழி செய்தவர்கள் இவர்கள்தான்.

சாமி, நான் மாட்டிக்கொண்ட இடம் வேறு. சூசி 1963-இல் இறந்துபோனாள். அவர் 1967-இல், மேடை ஏறும்போதே விழுந்து போனார். நடுவில் நான்கு வருடம். நாற்பது வருடத்துக்கு மேல் சண்டை போட்டே சம்பாதித்த மனிதர், அந்த நான்கு வருடம் மேடையில் யாரைப் பார்த்து ‘உதைப்பேன்’ என்றிருப்பார்? இரண்டு நாளாக இதே நினைப்பு. என் மனைவி சாம்பாரில் உப்பில்லாததைக்கூட நான் சொல்லவில்லை என்று சந்தேகமாகப் பார்க்கிறாள்.

உனக்கு இதை எழுதலாமா என்றும் தயங்கினேன். தங்கச்சி இருந்தால், “உங்கள் நண்பருக்கு எதை எப்போது பேசுவதென்று எந்தக் காலத்தில் தெரிந்தது?” என்றிருப்பாள். சரிதான்.

பதினெட்டாம் தேதி காலை பஸ்ஸில் வருகிறேன். பாட்டுகளைப் போனில் ஏற்றிவைத்திருக்கிறேன். பால் மட்டும் வாங்கி வை. காபி நான் போடுகிறேன். நீ போட்டதைக் குடித்த அனுபவம் ஒருமுறை போதும்.

உன்,
ரங்கன்