பி.டி. மேடமும் மூங்கில் குச்சியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்காவில் பென் ஸ்டேட் பல்கலைக்கழக மகளிர் வாலிபால் அணிக்குப் பயிற்சியாளராக இருந்த ரஸ் ரோஸ் பற்றி உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் படித்தேன். 1979 முதல் 2021 வரை ஒரே இடம், 7 தேசியப் பட்டங்கள், நடுவில் தொடர்ந்து 109 மேட்ச் தோற்கவே இல்லை. படிக்கும்போதே எனக்கு எங்கள் பி.டி. மேடம் ஞாபகம் வந்துவிட்டது. சிரிக்காதீர்கள். மேடத்தின் அணி மண்டலப் போட்டியில் இரண்டாவது சுற்றைத் தாண்டி நான் பார்த்ததில்லை.

1998-ல் வேலூரில் இருபாலரும் படிக்கும் ஒரு கல்லூரியில் சேர்ந்தேன். அப்போது திருவள்ளுவர் பல்கலைக்கழகம் வரவில்லை, சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தோம். ஒரே கிரவுண்ட், ஒரே நெட். ஆண்களுக்கு நெட் உயரம் 2.43 மீட்டர், எங்களுக்கு 2.24. பையன்கள் ஏற்றிக் கட்டிவிட்டுப் போவார்கள், நாங்கள் இறக்குவோம். குத்துமதிப்பாக இறக்கினால் மேடம் விடமாட்டார். 2.24-க்குச் சரியாக வெட்டிய மூங்கில் குச்சி ஒன்று வைத்திருந்தார். நடுவில் நிறுத்தி, இரண்டு ஓரத்திலும் நிறுத்தி, கயிற்றை முறுக்கிக் கட்டின பிறகுதான் மூட்டையிலிருந்து பந்து வெளியே வரும். "அவனுங்க நெட்டுல அடிச்சுப் பழகினா உங்க கை தப்பாப் பழகிடும்டி" என்பார்.

எங்கள் அணியில் நன்றாக ஸ்மாஷ் அடிப்பவள் குடியாத்தம் பெண். வீட்டில் பீடி சுற்றுகிறார்கள். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி, சாயங்காலம் அவள் கை இல்லாவிட்டால் கணக்குக் குறையும். அதனால் பிராக்டிசுக்கு வேண்டாம் என்று அப்பா நிறுத்திவிட்டார். மேடம் பஸ் ஏறி அவர்கள் வீட்டுக்கே போய், திண்ணையில் உட்கார்ந்து பேசினார். விளையாட்டின் பெருமையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையாம், அவள்தான் பிறகு சொன்னாள். பீடிக் கணக்கையே கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, மறுநாளே எங்கள் எல்லாருக்கும் பிராக்டிசைக் காலை ஏழு மணிக்கு மாற்றிவிட்டார். நாங்கள் முணுமுணுத்தோம். ஒடுகத்தூரிலிருந்து வருகிற எனக்கு முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அந்தக் குடியாத்தம் பெண் இன்று போலீசில் இருக்கிறாள்.

நானோ நாலடி பதினொரு அங்குலம். முதல் வருஷம் முழுக்க பெஞ்சில் உட்கார்ந்து ஸ்கோர் எழுதினேன். அந்தச் சமயத்தில்தான் உலக அளவில் விதிகளை மாற்றினார்கள். சர்வீஸ் போட்ட பக்கத்துக்கு மட்டும் பாயின்ட் என்பது போய், ஒவ்வொரு பந்துக்கும் பாயின்ட் என்று ஆனது. லிபரோ என்று ஒரு ஆள் வந்தது. பின்வரிசையில் பந்து எடுப்பது மட்டும்தான் வேலை. நெட்டருகே கையைத் தூக்கி எதிரணி அடிக்கும் பந்தைத் தடுக்க, அதாவது பிளாக் பண்ணக் கூடாது, நெட்டுக்கு மேலே இருக்கும் பந்தை அடித்துத் தள்ளக் கூடாது. மேடம் விதியைப் படித்துவிட்டு என்னைத்தான் திரும்பிப் பார்த்தார். லிபரோவுக்கு வேறு நிற ஜெர்சி வேண்டும். கல்லூரியில் கேட்டால் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள். மேடம் லாங் பஜாரில் மஞ்சள் பனியன் ஒன்று வாங்கி, கிழிந்த குடைத் துணியில் 9 என்று வெட்டி, கையாலேயே தைத்துக் கொடுத்தார். முதல் மேட்சில் வேர்வையில் அந்தச் சாயம் இறங்கி முதுகெல்லாம் கறுப்பு. தோற்றுத்தான் போனோம். ஆனால் 14 பந்து எடுத்திருந்தேன். மேடமே எண்ணி வைத்திருந்தார்.

மேடம் ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. அந்த இடத்துக்கு இன்னும் நிரந்தரமாக ஆள் போடவில்லை. வேறு பாடம் நடத்துகிறவரே இதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறார். கிரவுண்டில் பாதி, பைக் ஸ்டாண்டு. ரஸ் ரோசுக்கு 43 சீசன் கிடைத்தது, சரி. இங்கே ஒரு பயிற்சியாளருக்குப் பின்னால் இன்னொருவர் வர வேண்டும் என்பதையே யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை, அதனால் உங்களுக்கு எழுதுகிறேன். கோப்பை வாங்கினவர்களைப் பற்றி மட்டும்தான் எழுதுவீர்கள் என்றால் மேடத்தின் பெயர் உங்கள் பக்கத்தில் வரப்போவதில்லை.

மேடம் இப்போது பள்ளிகொண்டா பக்கம் பள்ளிப் பெண்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறார், அதே குச்சியோடு. நிருபரை அனுப்புவதாக இருந்தால் காலை எட்டுக்குள் வரச் சொல்லுங்கள். அதற்கப்புறம் நம் ஊர் வெயிலில் யாரும் இருக்கமாட்டார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஒடுகத்தூர், வேலூர் மாவட்டம்.