வாசலில் போடுங்கள் அக்கா

அன்புள்ள அக்கா,

நாலு பேர் படிக்கும் இந்தக் கடிதத்தை உங்கள் பெயர் போடாமல் எழுதிக்கொள் என்று சம்மதம் தந்தீர்களே, அதற்கே முதலில் நன்றி. பார்க்கின்சன் என்று தெரிந்த நாளிலிருந்து நீங்கள் வாசல் பக்கம் வருவதே இல்லை, கோலத்தைக்கூட வேலைக்கு வரும் பெண்ணிடம் விட்டுவிட்டீர்கள் என்று உங்கள் மருமகள் சொன்னாள். வேலூர் சத்துவாச்சாரியில் நம் தெருவுக்கே சிக்குக் கோலம் கற்றுக்கொடுத்த கை அது. எனக்கும் இதே வியாதி என்பதால் உரிமையோடு சொல்கிறேன், கோலத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

மூளையில் டோபமைன் என்ற, உடல் அசைவுக்கு உதவும் ரசாயனத்தைச் சுரக்கும் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதால் வருவது இது. 1817இலேயே லண்டன் டாக்டர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இதைப் பற்றி எழுதிவிட்டார். மல்லிப்பூ வாசனையே தெரியவில்லை என்று ரொம்ப நாளாகச் சொல்வீர்களே, அதுவும் இதன் வேலையாக இருக்கலாம், பலருக்கு நடுக்கத்துக்கு வெகுகாலம் முன்பே மோப்பம் குறைந்துவிடுகிறது. ஆனால் நான் சொல்ல வந்தது கையைப் பற்றி. இந்த நடுக்கம் பெரும்பாலும் கை சும்மா மடியில் கிடக்கும்போதுதான் அதிகம், ஒரு வேலையைக் கொடுத்தால் பலருக்குச் சற்று அடங்குகிறது. டாக்டர் இதைச் சொன்னபோது நான் நம்பவில்லை, அப்புறம் கோலமாவை எடுத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது.

கோடு பழையபடி வராது, அது உண்மை. கையெழுத்து போகப்போகச் சிறுத்துவிடுவதுபோலக் கோலமும் உள்பக்கமாகச் சுருங்கிக்கொண்டே போகும். வெறும் தரையில் பூக்கோலம் போட்டால் எனக்குப் பாதியிலேயே குறுகிவிடுகிறது, ஆனால் புள்ளி வைத்துவிட்டால், அடுத்த புள்ளி வரை போயே ஆகவேண்டும் என்று கண் கையை இழுத்துக்கொண்டு போகிறது, கோடு போட்ட நோட்டில் எழுதினால் எழுத்து பெரிதாக வருகிறதே, அதே விஷயம்தான். நேர்ப்புள்ளியில் சின்னதாக ஆரம்பியுங்கள். குனிந்து சட்டென்று நிமிர்ந்தால் தலை சுற்றும், அதனால் குட்டை ஸ்டூலில் உட்கார்ந்துகொள்ளுங்கள், எழும்போது கேட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கோணலாக வந்தால் அழிக்காதீர்கள், அக்கா. அழித்துவிட்டால் யாரும் கேட்கமாட்டார்கள், கேட்காவிட்டால் நாமும் சொல்லமாட்டோம். என் வாசலில் ஆடி ஆடிப் போன கோட்டைப் பார்த்துத்தான் பால்காரர் கை என்னம்மா ஆச்சு என்று கேட்டார். சொன்னேன். அவருடைய அப்பாவுக்கும் இதுதானாம், வயசான நடுக்கம் என்று வீட்டிலேயே வைத்திருக்கிறார்கள். டாக்டரிடம் கூட்டிப் போகச் சொன்னேன், மறுவாரமே போனார்கள். நான் ஒளித்து வைத்திருந்தால் அந்தப் பெரியவர் மாத்திரை இல்லாமலே கிடந்திருப்பார்.

உடம்பு ஒத்துழைக்காவிட்டாலும் கை வேலையை விடாமலிருப்பதற்கு நம் ஊரில் பெரிய உதாரணமே இருக்கிறது. டாக்டர் மேரி வர்கீஸ், 1954இல் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த பிறகும் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். நின்று செய்ய முடியாததை உட்கார்ந்து செய்தார், அவ்வளவுதான். அவரை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தெம்பு வருகிறது.

மாத்திரை விஷயத்தில் மட்டும் உங்கள் இஷ்டத்துக்கு எதுவும் செய்யாதீர்கள். பூனைக்காலி விதைப் பொடி போதும் என்று யாராவது சொல்வார்கள், அதில் பார்க்கின்சன் மாத்திரையில் இருக்கும் லெவோடோபா மருந்து இருப்பது நிஜம், ஆனால் பொடியில் எவ்வளவு இருக்கிறது என்று அளவே தெரியாது, மாத்திரையோடு சேர்ந்தால் அதிகமாகிவிடும். பருப்பு, பால், முட்டையோடு விழுங்கினாலும் சிலருக்கு மாத்திரை சரியாகப் பிடிப்பதில்லை, எந்த நேரத்தில் போடுவது என்று டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, ஞாயிற்றுக்கிழமை காலை நானே மாவு வாங்கிக்கொண்டு வருகிறேன். மாத்திரை வேலை செய்ய ஆரம்பித்ததும் உட்காரலாம், புள்ளி நான் வைக்கிறேன், கோடு நீங்கள் இழுங்கள். அன்றைக்கு வாசலை யாரும் தொடவேண்டாம் என்று மருமகளிடம் சொல்லி வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் பக்கத்து வீட்டுத் தங்கை