நாங்கள் நிறுத்திய பத்து நாள் மாத்திரை

ஆசிரியருக்கு வணக்கம்.

என் மகளுக்கு எட்டு வயதில் லுக்கீமியா என்ற ரத்தப் புற்றுநோய் வந்தது. குழந்தைகளுக்கு அதிகம் வரும் வகைதான். கடுமையான கீமோ சுற்றெல்லாம் முடிந்து, தினமும் இரவில் மெர்காப்டோப்யூரின், வாரத்தில் ஒரு நாள் மெத்தோட்ரெக்ஸேட் என்று மாத்திரையோடு வீட்டில் இருந்தோம். அப்போதுதான் குடும்ப வாட்ஸ்அப்பில் அந்தச் செய்தி வந்தது: ஆக்சிஜன் குறைவதால்தான் புற்றுநோய் வருகிறது, ஏற்றினால் போய்விடும், இதைக் கண்டுபிடித்த விஞ்ஞானி ஓட்டோ வார்பர்க்குக்கு நோபல் பரிசே கிடைத்தது. மைத்துனர் கொரோனா சமயத்தில் வாங்கிய ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டரைக் காரில் கொண்டுவந்து இறக்கினார். மாத்திரையைப் பத்து நாள் நிறுத்திப் பார்ப்போம் என்றார். நானும் சரி என்றேன்.

விஷயம் தெரிந்ததும் டாக்டர் திட்டவில்லை. மகள் விரலில் ஆக்சிமீட்டரை மாட்டினார். 98. "ரத்தம் ஏற்கெனவே நிரம்பித்தான் இருக்கிறது, இதற்கு மேல் எங்கே ஏற்றப்போகிறீர்கள்?" என்றார்.

அப்புறம் சொன்னதுதான் எனக்குப் புதிது. எலும்புக்குள் ரத்தம் உருவாகும் மஜ்ஜை இயல்பிலேயே ஆக்சிஜன் குறைந்த இடமாம். காற்றில் 21 சதவீதம் என்றால், மஜ்ஜையின் சில மூலைகளில் 1, 2 சதவீதம்தான். நோயில்லாதவர்களுக்கும் அப்படியே. ரத்தத்தின் மூலச்செல்கள் அங்கேதான் பத்திரமாக இருக்கின்றன. நோய்ச்செல்கள் சிலவும் அதே மூலைகளில் பதுங்கி, பெருகாமல் தூங்குகின்றன. பெருகும் செல்லைத்தான் கீமோ மருந்துகள் பலவும் தாக்கும், தூங்குவது தப்பிவிடும், பிறகு விழித்துப் பெருகலாம். ரத்தப் பரிசோதனை நன்றாக வந்த பிறகும் இரண்டு வருடத்துக்கு மேல் மாத்திரை கொடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வார்பர்க்குக்கு 1931இல் பரிசு கிடைத்தது செல்கள் சுவாசிக்க உதவும் நொதியைப் பற்றிய ஆய்வுக்கு, புற்றுநோய்க்கு அல்ல. ஆக்சிஜன் குறைவதைச் செல்கள் எப்படி உணர்கின்றன என்று கண்டறிந்த கெய்லின், ராட்கிளிஃப், செமென்சா மூவருக்கும் 2019இல் கிடைத்தது. ஆக்சிஜன் குறைந்த இடத்தில் மட்டும் விழித்து வேலைசெய்யும் மருந்துகளை லுக்கீமியா நோயாளிகளுக்கும் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். பெரிதாகப் பலன் இல்லை. ஆராய்ச்சி நடக்கட்டும். ஆனால் மூக்கில் குழாய் வைப்பது அந்த ஆராய்ச்சி இல்லை.

மகள் நன்றாக இருக்கிறாள். அந்தப் பத்து நாளை நினைத்தால் எனக்குத்தான் இன்னும் தூக்கம் வருவதில்லை. மாத்திரைச் சீட்டு தரும் அன்றே, "நோய்ச்செல் தூங்கும், நிறுத்தாதீர்கள்" என்று தமிழில் ஒரு துண்டுத்தாள் அச்சடித்து மருத்துவமனைகள் கொடுக்கலாமே. அரைப் பக்கம் போதும்.

ஒரு தந்தை,
கும்பகோணம்