மார்கழிக் கோலத்துக்குப் பக்கத்தில் தினம் ஒரு சொல்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். அக்டோபரில் நடக்கும் 'இங்க்டோபர்' ஓவியச் சவால் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். நம் பிள்ளைகளும் அதில் உற்சாகமாகக் கலந்துகொள்கிறார்கள் என்று எழுதியிருந்தது மனசுக்கு நிறைவாக இருந்தது. ஆனால் ஓரத்தில் கட்டம் கட்டி 'தேவையான பொருட்கள்' என்று ஒரு பட்டியல் போட்டிருந்தீர்கள். திரையோடு கூடிய டேப்லெட், வெளிநாட்டு பிரஷ் பேனா செட், பருத்தித் தாள் புத்தகம் என்று போனது அது. அந்த வாரம் என்னிடம் ஓவியம் கற்க வரும் பிள்ளைகளின் வீடுகளிலிருந்து வந்த போன்களில் எல்லாம் ஒரே கேள்விதான்: "இதெல்லாம் வாங்கினால்தான் வரைய முடியுமா மேடம்?" ஒரு அப்பா, தவணையில் டேப்லெட் எடுக்கலாமா என்று கேட்டார். அவர் ஆட்டோ ஓட்டுபவர். அவர் கேட்டதுதான் என்னை இந்தக் கடிதம் எழுத வைத்தது.

நான் கும்பகோணத்துக்காரி, இங்குள்ள அரசு கவின் கலைக் கல்லூரியில் படித்தவள். சிறுவர் புத்தகங்களுக்கும் வார இதழ்க் கதைகளுக்கும் படம் வரைவது என் தொழில். பாதி வேலை மையில், பாதி வேலை கணினியில். இரண்டிலும் புழங்குகிறவள் என்ற உரிமையில் சிலவற்றைச் சொல்கிறேன்.

இங்க்டோபரை 2009-ல் தொடங்கியவர் ஜேக் பார்க்கர் என்ற அமெரிக்க ஓவியர். மை வேலையில் தன் கை இன்னும் தேற வேண்டும் என்று தனக்குத்தானே வைத்துக்கொண்ட பயிற்சி அது. 31 நாள், 31 படம். தினமும் முடியாதவர்கள் ஒருநாள் விட்டு ஒருநாள் வரையலாம், அதுவும் முடியாவிட்டால் வாரம் ஒன்று வரையலாம் என்று அவரே சொல்லியிருக்கிறார். முதலில் பென்சிலில் போட்டுக்கொண்டு அதன்மேல் மை ஏற்றவும் தடையில்லை. உங்கள் கட்டுரை இதைப் 'போட்டி' என்று எழுதியிருந்தது. இதில் யாரும் யாரையும் ஜெயிப்பதில்லை.

அதன் உயிரே மைதான். மையில் இழுத்த கோடு இழுத்ததுதான். அது தெரிந்திருப்பதால் பேனா தாளைத் தொடுமுன் கை ஒரு நொடி நிற்கிறது. கண் எதிரே இருக்கும் பொருளை இன்னொரு தடவை பார்க்கிறது. அந்த இன்னொரு தடவைக்காகத்தான் இத்தனை நாள் பயிற்சியும். அதற்கு என்ன செலவாகும்? ஒரு புட்டி இந்தியன் இங்க், ஒரு நிப், அதைச் செருகும் கட்டை, 2-ஆம் நம்பர் உருண்டைத் தூரிகை ஒன்று, 130 அல்லது 140 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) கார்ட்ரிட்ஜ் தாள் சில. எல்லாம் எங்கள் ஊர் ஸ்டேஷனரிக் கடையிலேயே கிடைக்கும். பள்ளி டிராயிங் நோட்டும் போதும், ஆனால் கடைசிப் பக்கத்தில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். ஓரம் கம்பளிப்பூச்சி மாதிரி மயிர் விட்டால் அந்தத் தாள் மைக்கு ஆகாது, பென்சிலுக்கு வைத்துக்கொள்ளலாம். நுனி அளவு 0.1-லிருந்து 0.8 மில்லிமீட்டர் வரை போகும் பேனா செட் வாங்கவே வேண்டாம். 0.5 ஒன்று இருந்தால் வருடம் ஓடும்.

கடைக்காரர்கள் சொல்லாத இரண்டு விஷயம். இந்தியன் இங்க்கில் இருப்பது கரி. கரி வெளிறாது. சாயத்தில் செய்த மையால் வரைந்து வெயில் படும் சுவரில் மாட்டினால் சில மாதங்களிலேயே நிறம் ஓடிவிடும். அதற்காக இந்தியன் இங்க்கை ஃபவுண்டன் பேனாவில் ஊற்றிவிடாதீர்கள். அரக்கு சேர்ந்த மை உள்ளே காய்ந்தால் பேனா அடைத்துக்கொள்ளும், பிறகு தேறாது. இன்னொன்று தூரிகை. கீரி முடியில் செய்த தூரிகைகள் இன்னும் ஒளிவுமறைவாக விற்பனைக்கு வருகின்றன. 1972-ஆம் வருட வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதை விற்பது குற்றம். ஒரு தூரிகைக் கட்டுக்காக எத்தனை கீரிகளைக் கொல்கிறார்கள் என்று நினைத்தாலே எனக்கு வயிற்றைப் பிசைகிறது. செயற்கை இழைத் தூரிகைகள் இப்போது நன்றாகவே வருகின்றன. என்ன முடி என்று கடைக்காரரைக் கேட்டு வாங்குங்கள்.

இனி டேப்லெட். நான் அதன் எதிரி இல்லை. திருத்தம் மேல் திருத்தமாகக் கேட்கும் பதிப்பகத்துக்கு வேலை செய்யும்போது கண்ணாடித் தாள்களை அடுக்கினாற்போல் லேயர் லேயராக வரையும் வசதி எனக்குப் பெரிய ஆறுதல். வீட்டில் ஏற்கெனவே கணினி இருந்தால் கிரிட்டா என்ற மென்பொருளை ஒரு ரூபாய் செலவில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். தொழில்முறை ஓவியர்களே அதில் வேலை செய்கிறார்கள். திரை இல்லாத சாதாரண பேனா டேப்லெட் ஒன்றைச் செருகினால் போதும். கையைப் பார்க்காமல் திரையைப் பார்த்து வரைவது முதலில் குழப்பும், கொஞ்ச நாளில் பழகிவிடும்.

ஆனால் கை பழகாத பிள்ளைக்கு முதல் கருவியாக அதைக் கொடுத்தால் என்ன ஆகிறது என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். என்னிடம் வரும் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, தன் பாட்டி முகத்தை டேப்லெட்டில் வரைந்துகொண்டிருந்தாள். ஒரு கண்ணை மட்டும் திரை முழுக்கப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, இமை மயிர் ஒன்றைப் போடுவாள், அழிப்பாள், மறுபடி போடுவாள். இரண்டு விரலால் தட்டினால் போட்ட கோடு மறைந்துவிடுகிறதே! அன்று மாலை முழுக்க அந்த ஒரு கண்ணிலேயே போனது. கடைசியில் படத்தைச் சுருக்கிப் பார்த்தபோது கண் நெற்றியில் ஏறி இருந்தது. கண்ணில் ஒவ்வொரு இமை மயிரும் அழகு. ஆனால் அந்தக் கண் பாட்டி முகத்தில் இல்லை. அடுத்த வாரம் ஒரு நிப்பையும் தாளையும் கொடுத்து, பாட்டியை எதிரே உட்கார வைத்து வரைந்துவரச் சொன்னேன். மூக்கு கோணல்தான். ஆனால் பாம்படம் இழுத்துத் தொங்கிய அந்தக் காதைப் பார்த்ததுமே அவள் பாட்டி என்று சொல்லிவிடலாம்.

டேப்லெட்டில்தான் பயிற்சி என்றால் அதற்கும் வழி இருக்கிறது. ஒரே லேயர், ஒரே கறுப்புத் தூரிகை, போட்ட கோட்டை மறைக்கும் அன்டூ கிடையாது, பெரிதாக்கிப் பார்க்கும் ஜூம் கிடையாது. மைக்கு உள்ள கட்டுப்பாடு அத்தனையும் அங்கேயும் வந்துவிடும்.

நாளிதழ் நடத்தும் உங்களிடம் இதைச் சொல்ல எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. மைக்கோடு உங்கள் தாளுக்கென்றே பிறந்தது. செய்தித்தாள் சுமார் 45 ஜிஎஸ்எம்தான். மையை உறிஞ்சும், அச்சுப் புள்ளி பருக்கும். திரையில் பின்னாலிருந்து ஒளி வீசும் வண்ணப் படம் அதில் இறங்கும்போது நிழல் பகுதிகள் எல்லாம் சேறாகிவிடுகின்றன. அச்சு இயந்திரத்தின் நான்கு வண்ணத் தட்டுகளில் ஒன்று மயிரிழை நகர்ந்தாலும் கறுப்புக் கோட்டின் ஓரத்தில் சிவப்போ நீலமோ எட்டிப் பார்க்கும். மைக்கோட்டுப் படத்தை சாம்பல் கலக்காத சுத்தக் கறுப்பு வெள்ளையாக, 600 டிபிஐ-க்கு (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற கணக்கு) குறையாமல் ஸ்கேன் செய்து கறுப்புத் தட்டில் மட்டும் ஏற்றினால், ஓவியர் கையிலிருந்து வந்த கோடு அப்படியே வாசகர் வீட்டுத் திண்ணைக்கு வரும்.

நம் இதழ்கள் அப்படித்தான் வளர்ந்தன. இதே கும்பகோணத்தில் ஓவியம் படித்த கோபுலு, ஒரு வார்த்தை எழுதாமல் கோட்டாலேயே வாசகர்களைச் சிரிக்க வைத்தார். வலது கை முடங்கியபோது இடது கையால் வரையப் பழகிக்கொண்டார். கோயில் கோயிலாகப் போய், சிலைக்கு முன்னால் உட்கார்ந்து வரைந்தார் சில்பி. உளி விழுந்த இடமெல்லாம் அவர் கோட்டில் தெரியும். இருவருக்குமே பொருளைக் கண்ணால் பார்த்துத் தீராது.

தினம் ஒரு சொல்லுக்கு வரையச் சொல்லும் இங்க்டோபரின் சொற்பட்டியலில் எனக்கு இருக்கும் மனக்குறையும் அங்கேதான். 2019 பட்டியலில் பனி ஒருநாள், டிராகன் அதற்கு மறுநாள். பனிப்பொழிவை நம் பிள்ளைகள் எங்கே பார்த்தார்கள்? இணையத்தில் யாரோ வரைந்ததைப் பார்த்து வரைகிறார்கள். கண்ணுக்கு வேலையே இல்லாமல் போகிறது. அவர்கள் ஊருக்கு அந்தப் பட்டியல் சரி. நமக்கு நம் வீட்டிலிருந்து சொல் வேண்டும்.

அரிவாள்மணையை எடுத்துக்கொள்ளுங்கள். சும்மா ஒரு அலகு என்று நினைப்போம். வரைய உட்கார்ந்தால்தான் தெரியும். கட்டையிலிருந்து நேரே எழும் அலகு, பாதியில் வயிறு தள்ளி வளைந்து, மேலே போய்த் துருவலில் விரிகிறது. துருவல் பல் ஒவ்வொன்றும் வேறு பக்கம் பார்க்கிறது. தீட்டித் தீட்டி அலகின் நடுப்பகுதி தேய்ந்திருக்கும். நாற்பது வருடம் காய் நறுக்கிய கை எந்த இடத்தில் அதிகம் அழுத்தியது என்பது அந்தத் தேய்மானத்தில் இருக்கிறது. அலகைக் கறுப்பாக அடைத்தால் இரும்பின் மினுக்கம் போய்விடும். வெறும் வெள்ளையாக விட்டால் கூர்மை வராது. எங்கே கோட்டை நிறுத்துவது என்று அங்கேதான் கற்றுக்கொள்கிறோம். டீக்கடை பாய்லர், பம்புசெட் தொட்டி, பூக்கட்டும் விரல்கள், டபுள் ஸ்டாண்ட் போட்ட சைக்கிள், பால் கேன் என்று ஒரு மாதத்துக்கு வேண்டிய சொற்கள் நம் தெருவிலேயே இருக்கின்றன.

ஆகவே என் வேண்டுகோள் இது. மார்கழி பிறந்தால் நீங்கள் தினம் ஒரு கோலம் வெளியிடுகிறீர்கள். 15 புள்ளி, 8-ல் நிறுத்து, இடைப்புள்ளி என்று கீழே குறிப்பும் போடுகிறீர்கள். விடியுமுன் வாசலில் குனிந்து, எடுத்த இழையைத் தயங்காமல் இழுத்து முடிக்கும் பெண்கள் தலைமுறை தலைமுறையாகத் தினப் பயிற்சி செய்கிறவர்கள்தானே! அந்தக் கோலத்துக்குப் பக்கத்தில் வரைவதற்கென்று ஒரு சொல் போடுங்கள். கூடவே வாசகர் ஒருவர் முந்தின சொல்லுக்கு வரைந்தனுப்பிய படம் ஒன்று, இரண்டு பத்தி அகலத்தில், கறுப்பு மையில். டேப்லெட்டில் வரைந்ததும் வரட்டும், ஆனால் கறுப்புக் கோடாக மட்டும்.

மாதமும் தோதானது. அக்டோபரில் எங்கள் பக்கம் ஐப்பசி அடைமழை. தாள் ஈரம் குடித்துச் சுருளும். மை காய நேரம் எடுக்கும், உள்ளங்கை பட்டு இழுபடும். பருத்தித் தாளின் மேல்பூச்சில் பூஞ்சை ஏறினால் வண்ணம் திட்டுத்திட்டாக இறங்கும். மார்கழிக் காலைப் பனி விலகிவிட்டால் பகல் முழுக்கத் தாள் முறுக்காக நிற்கும். முதல் வாரம் அரையாண்டுத் தேர்வில் போய்விடும் என்பது உண்மைதான். அதனால் அந்த வாரத்துக்கு அஞ்சு நிமிஷத்தில் வரையக்கூடிய சொற்களாக வைக்கலாம். பிறகு விடுமுறை வந்துவிடுகிறது.

முதல் பரிசு, இரண்டாம் பரிசு வேண்டாம். பரிசு என்றால் வீட்டில் பெரியவர்கள் பேனாவைப் பிடுங்கிக்கொள்வார்கள். வரைந்தவரின் பெயர், ஊர், என்ன மை, என்ன தாள் என்று ஒரு வரி போட்டால் போதும். அந்த ஒரு வரியைப் பார்த்தே மற்ற வீடுகளுக்கு எவ்வளவு குறைந்த செலவில் வரையலாம் என்று தெரிந்துவிடும்.

சொற்பட்டியல் ஒன்றை இந்தக் கடிதத்தோடு இணைத்திருக்கிறேன். எனக்குச் சன்மானம் எதுவும் தேவையில்லை. விருப்பம்போல் கூட்டலாம், குறைக்கலாம். கார்த்திகைப் பாதியிலேயே அறிவிப்பு வந்துவிட்டால், தேர்வுப் பரபரப்பு தொடங்குமுன் பள்ளி ஓவிய ஆசிரியர்கள் அதை வகுப்பில் ஒட்டிவைக்க வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
பத்திரிகை ஓவியர், உங்கள் வாசகி,
கும்பகோணம்.