சனிக்கிழமை உணவு வங்கிப் பணி: கூடுதல் ஆட்கள் தேவை

எல்லோருக்கும் வணக்கம். இந்தச் சனிக்கிழமை காலை உணவு வங்கியில் நம் குழுவின் முறை.

கிடங்கில் முட்டை, கோழி, பால் வைக்கும் குளிர் அலமாரிகள் பாதி காலி. 2025 மார்ச்சில் அமெரிக்க வேளாண் துறை உணவு வங்கிகளுக்கு வரவேண்டிய சுமார் 50 கோடி டாலர் சரக்கை நிறுத்தியது. உள்ளூர் விவசாயிகளிடம் வாங்கித் தரும் நிதியும் ரத்தானது. அப்புறம் அதே ஆண்டு ஜூலையில் வந்த சட்டம் ஸ்னாப் உதவியிலும் (குறைந்த வருமானக் குடும்பங்கள் உணவு வாங்க அரசு தரும் உதவி) கைவைத்தது. அதைப் பெற வேலை செய்ய வேண்டும் என்ற நிபந்தனை முன்பு 54 வயதோடு நின்றது, இப்போது 64 வரை. உணவு வங்கிகள் ஒரு வேளை உணவு தந்தால் ஸ்னாப் ஒன்பது வேளை தருகிறது. அந்தக் குறையை நன்கொடையால் மட்டும் அடைக்கவே முடியாது.

போன முறை ஒரு அம்மா அரிசிப் பையை வாங்கிக்கொண்டு, குழந்தைக்குப் பால் மாவு இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. மனசு ஆறவில்லை.

பால் மாவு, பருப்பு, கொண்டைக்கடலை டப்பா கொண்டுவாருங்கள். காலாவதித் தேதி பார்த்து வாங்குங்கள். பணமாகத் தந்தால் இன்னும் நல்லது, மொத்த விலையில் அவர்கள் அதிகம் வாங்குவார்கள். வருகிறவர்கள் வியாழன் இரவுக்குள் இங்கே பெயர் போடுங்கள்.