உடன் வேலை பார்த்தவர்களுக்கும் கொஞ்சம் இடம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் நாளிதழில் வரும் இரங்கல் அறிவிப்புகளைத் தவறாமல் படிக்கிறவன் நான். கணவர், மகன், மகள், மருமகள், பேரப்பிள்ளைகள் என்று வரிசையாகப் பெயர் இருக்கும், கடைசியில் 'மற்றும் உற்றார் உறவினர்' என்று முடிந்துவிடும். வேலை நாளில் விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதியை அந்த மனிதர் யாரோடு கழித்தாரோ அவர்கள் அதில் வருவதே இல்லை. குடும்பம் கொடுக்கிற அறிவிப்பு அப்படித்தான் இருக்கும், அதைத் தப்பு சொல்லவில்லை. ஆனால் எங்கள் கணக்குப் பிரிவில் மூத்தவராக இருந்த அக்கா இறந்ததிலிருந்து இது என் மனசைப் போட்டு அரித்துக்கொண்டே இருக்கிறது.

அவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பற்று மொத்தமும் வரவு மொத்தமும் சமமா என்று பார்க்கிற ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆகவில்லை என்றால் பிரிவே பதறிப்போகும், அக்கா மட்டும் நிதானமாக "வித்தியாசம் எவ்வளவு?" என்று கேட்பார். அந்தத் தொகை 9-ஆல் மீதியில்லாமல் வகுபடுகிறதா என்று பார்க்கச் சொல்வார். வகுபட்டால் எங்கேயோ இரண்டு இலக்கம் இடம் மாறி விழுந்திருக்க வாய்ப்பு அதிகம்: 1,830 என்பதை 1,380 என்று எழுதிவிட்டால் வித்தியாசம் 450, அது 9-ஆல் வகுபடும். வகுபடவில்லையா, சரி, தொகையைப் பாதியாக்கி அந்தப் பாதியைத் தேடு, பற்றில் போக வேண்டியது வரவுப் பக்கம் போயிருக்கும் என்பார். கணக்குப் படித்தவர்களுக்குத் தெரிந்த பழைய வழிகள்தான், இன்றைக்குப் பாதி வேலையை மென்பொருளே பார்த்துக்கொள்கிறது. ஆனாலும் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, விடையைத் தான் சொல்லாமல் நம்மையே கண்டுபிடிக்க வைக்கிற பொறுமை எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது.

அப்புறம் அந்தப் பென்சில். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் போடும் வவுச்சரில் பிழை இருந்தால் சிவப்பு மையில் சுழிக்கவே மாட்டார். ஓரத்தில் பென்சிலால் ஒரு சின்னக் கேள்விக்குறி, அவ்வளவுதான். போட்டவர் அதைப் பார்த்துத் திருத்தி, கேள்விக்குறியை ரப்பரால் அழித்துவிட்டு மேலே அனுப்பிக்கொள்ளலாம், மேலதிகாரிக்குப் போகும்போது தடமே இருக்காது. முதல் மாதத்திலேயே வேலையை விட்டுப் போய்விடலாம் என்று நினைத்த ஒரு பையன் இன்று பிரிவுக்கே பொறுப்பாளராக இருக்கிறான், அவனும் இப்போது பென்சில்தான் வைத்திருக்கிறான்.

ஒரு திங்கட்கிழமை அக்கா வரவில்லை. மதியத்துக்குள் செய்தி வந்துவிட்டது. எல்லோரும் போக வேண்டும் என்றோம், இரண்டு பேருக்குத்தான் அனுமதி கிடைத்தது, ஏனென்றால் ஆண்டுக் கணக்கு முடிக்கும் நேரம். விடுப்புப் படிவத்தில் 'இறந்தவருடன் உறவுமுறை' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் என்ன எழுதுவது? பத்து மணிக்கு வந்து உட்கார்ந்ததும் முகத்தைப் பார்த்தே 'ராத்திரி தூங்கலையா' என்று கேட்கிறவருக்கு அந்தப் படிவத்தில் எந்த உறவும் பொருந்தவில்லை. அடுத்த வாரம் அவருடைய மின்னஞ்சல் முகவரி முடக்கப்பட்டது, மேசை இழுப்பறையில் இருந்தவை ஒரு அட்டைப்பெட்டிக்குள் போயின, ஆள் தேவை என்ற அறிவிப்பும் வந்துவிட்டது. வேலை நின்றுவிட முடியாது என்பது புரிகிறது. ஆனால் ஐந்து நிமிடம் எல்லோரும் ஒன்றாக நின்று அவர் பெயரைச் சொல்லியிருந்தால் எந்தக் கணக்கும் கெட்டுப்போயிருக்காது.

இது எங்கள் அலுவலகத்தின் கதை மட்டும் இல்லை. கென்னத் டோகா என்ற அமெரிக்க அறிஞர் 1989-லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார்: சிலருடைய துக்கத்தைச் சமூகம் துக்கமாகவே கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை, வெளிப்படையாக அழ இடமில்லை, தேற்ற ஆளில்லை, அதனாலேயே அதைச் சுமப்பது இன்னும் கடினமாகிறது. உடன் வேலை செய்தவர்களின் துக்கம் அப்படியே இதில் அடங்கும். சட்டத்தால் முடியாத காரியமும் இல்லை. நியூசிலாந்தின் 2003-ஆம் ஆண்டு விடுமுறைச் சட்டத்தில் நெருங்கிய உறவினர் இறந்தால் மூன்று நாள் விடுப்பு உண்டு. உறவினர் அல்லாத ஒருவர் இறந்தாலும், அவரோடு எவ்வளவு நெருக்கம் என்பது போன்றவற்றைப் பார்த்து, இது இழப்புதான் என்று முதலாளி ஏற்றுக்கொண்டால், ஒரு நாள் விடுப்பு உண்டு. உறவுமுறைக் கட்டத்தை அங்கே கொஞ்சம் அகலப்படுத்தியிருக்கிறார்கள். நம் நிறுவனங்கள் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டும் என்றும் இல்லை.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. சில வாரம் கழித்து நாங்கள் சிலர் அக்கா வீட்டுக்குப் போனோம். என்ன பேசுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தபோது அவர் மகள், "அம்மா ஆபீஸ்ல எப்படி இருப்பாங்க?" என்று கேட்டாள். பென்சில் கதையைச் சொன்னோம். ஆடிட்டர்கள் வந்தால் அவர்கள் பேசுவதை அப்படியே நடித்துக் காட்டி எங்களைச் சிரிக்க வைப்பார் என்று சொன்னோம். அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அம்மா நடிச்சுக் காட்டுவாங்களா? வீட்ல அதிகம் பேசவே மாட்டாங்களே" என்றாள். அவளுடைய அம்மாவில் ஒரு பெரிய பகுதி எங்களிடம் இருந்திருக்கிறது, அவளுக்குத் தெரியாமலேயே. அதைக் கொண்டுபோய்க் கொடுக்காவிட்டால் எங்களோடு அதுவும் போய்விடும்.

இறந்தவரிடமிருந்து மனசை விலக்கிக்கொண்டால்தான் துக்கம் தீரும் என்று முன்பெல்லாம் சொன்னார்கள். 1990-களில் டென்னிஸ் கிளாஸ் போன்ற ஆய்வாளர்கள் அதை மறுத்து, அவரோடு உள்ள பிணைப்பு வேறு வடிவத்தில் தொடர்வது இயல்பானதுதான் என்று காட்டினார்கள். அன்று அந்த வீட்டில் நாங்கள் பார்த்ததும் அதைத்தான். கிளம்பும்போது அவள் கேட்டது ஒன்றே ஒன்று, "இதெல்லாம் எழுதித் தர முடியுமா?"

அதனால் என் வேண்டுகோள் இதுதான். வாரத்தில் ஒரு நாளாவது, இறந்துபோன ஒருவரைப் பற்றி அவரோடு வேலை பார்த்தவர்கள் எழுதுவதற்கு உங்கள் பக்கங்களில் ஒரு சிறு இடம் ஒதுக்குங்கள். பெரிய பதவியில் இருந்தவர்களுக்கு ஏற்கெனவே இடம் கிடைத்துவிடுகிறது, இது பேருந்து ஓட்டியவருக்கும் வார்டில் இரவுப் பணி பார்த்தவருக்கும் கணக்கு எழுதியவருக்கும் கிடைக்க வேண்டும். நூறு சொல் போதும். நல்லவர், வல்லவர் என்று எழுதினால் திருப்பி அனுப்பிவிடுங்கள், அவர் செய்த ஒரு காரியம், சொன்ன ஒரு வார்த்தை என்று கேளுங்கள். குடும்பத்தின் சம்மதம் கட்டாயம் இருக்க வேண்டும், நோய் விவரங்களும் சம்பள விவகாரங்களும் வேண்டாம்.

நீங்கள் சரி என்றால் முதல் குறிப்பை எங்கள் பிரிவிலிருந்தே அனுப்புகிறோம். அக்காவின் மகளிடம் கேட்டாகிவிட்டது, அவளுக்குச் சம்மதம்.

இப்படிக்கு,
கணக்குப் பிரிவு ஊழியர் ஒருவர்