பிள்ளைகளைத் தேரூருக்குக் கூட்டிக்கொண்டு வா

அன்புள்ள மக்ளே,

மாணவர்களை ஆராய்ச்சிக்கு வெளியே கூட்டிப் போகணும், ஆனால் செமஸ்டர் நடுவில் ஒரு நாள்தான் கிடைக்கும் என்று போனில் சொன்னாய். ஒரு நாளுக்கு என்றால் வரவே வேண்டாம்.

சுசீந்திரம், தேரூர் குளங்களுக்கு 2022-ல் உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற ராம்சர் அந்தஸ்து கிடைத்த பிறகு கல்லூரிப் பஸ்கள் வருகின்றன. போன தை மாதம் வந்தவர்கள் கரையில் பேனர் கட்டினார்கள், குரூப் போட்டோ எடுத்தார்கள், உச்சி வெயிலில் பறவை தேடினார்கள். பாட்டிலில் குளத்துத் தண்ணீரும் பிடித்துப் போனார்கள். அதில் என்ன இருந்தது என்று இன்றுவரை சொல்ல ஆள் இல்லை. நாங்கள் பயிர் வைக்கிற தண்ணீர் அது!

நீ நாலைந்து பிள்ளைகளை மட்டும் எடு. கும்பப்பூ நெல் இளசாக நிற்கும் ஐப்பசியில் ஒரு தடவை, பறவை நிறைந்திருக்கும் தையில் ஒரு தடவை, மாசி அறுப்புக்கு முன்னால் ஒரு தடவை. சனி, ஞாயிறு போதும். நம்ம மாடியில் தங்கட்டும்.

கேள்வியை அவர்களே கண்டுபிடிக்கணும். நீலத் தாழைக்கோழியையே எடுத்துக்கொள். விடியும் முன்னே தாமரைக்குள்ளிருந்து இறங்கி, நெல்தூரைப் பிடுங்கி, குருத்தைத் தின்றுவிட்டு மீதியைச் சேற்றில் போட்டுவிடும். குளத்தை ஒட்டிய வயலில்தான் சேதம் என்பேன் நான். மேலவயல்காரர் தன் வயலிலும் அதேதான் என்பார். நாங்கள் யாரும் அளந்ததில்லை. நீங்கள் வைத்திருக்கும் சதுரச் சட்டத்தை வரப்பு வரப்பாகப் போட்டு, உள்ளே எத்தனை தூர் போயிருக்கிறது என்று எண்ணினால் தெரிந்துவிடும். எண்ணுகிற இரண்டு பேரும் ஒருவர் நோட்டை மற்றவர் பார்க்கக்கூடாது. கணக்கு ஒத்து வராவிட்டால் ஏன் என்று அவர்களே மண்டையை உடைத்துக்கொள்ளட்டும், நீ குறுக்கே போகாதே. உனக்கு அதுதான் கஷ்டம், எனக்குத் தெரியும்.

நம்ம ஊர் கவிமணியும் வாத்தியாராக இருந்தவர்தான். கல்வெட்டு ஆராய்ச்சியும் செய்தார். உன் பிரின்சிபால் மறுத்தால் இதைச் சொல்லிப் பார்.

அப்புறம், கண்டதை இரண்டு பக்கம் தமிழில் எழுதி டீக்கடையில் வைத்து வாசிக்கச் சொல். மேலவயல்காரர் கட்டாயம் சண்டைக்கு வருவார். பிள்ளைகளே பதில் சொல்லட்டும்.

வருகிற தேதியை அம்மாவிடம் முன்கூட்டியே சொல். அரிசி ஊறப்போடணும் என்கிறாள்.

அப்பா